வீட்டுக்குள்ளே ஒரு கேட் பாஸ்

ஆம்பூர் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் டெஸ்பாட்ச் பிரிவில் இருக்கிறேன். பதப்படுத்தி முடித்த தோல் கட்டு எதுவும் என் கையெழுத்து விழுந்த கேட் பாஸ் இல்லாமல் வாசலைத் தாண்டாது. இதனாலேயே, எது எங்கே போக வேண்டும், யார் எதைத் தொடலாம் என்று முடிவு செய்வதற்காகப் பிறந்தவன் நான் என்று எனக்கு ஒரு நினைப்பு. வீட்டில் அந்த நினைப்புக்கு ஒரு மரியாதையும் கிடையாது. சாப்பாட்டுத் தட்டு எங்கே வைக்க வேண்டும் என்பதைக்கூட அங்கே வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள். அதனால் ஒரு பெட்டி வாங்கினேன்.

செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. உள்ளே ஹார்ட் டிஸ்க். ரவுட்டரோடு ஒரு கேபிளில் கோர்த்துவிட்டால், வீட்டில் இருக்கிற போன், லேப்டாப், டி.வி. எல்லாமே அதில் படம் போட்டு வைக்கலாம், வேண்டும்போது எடுத்துப் பார்க்கலாம். பக்கத்து வீடு என் மாமியார் வீடு. நடுவில் ஒரே சுவர். எங்கள் வைஃபை அந்தச் சுவரை மதிப்பதில்லை என்பதால் பெட்டி அவர்களுக்கும் பொதுவானது.

பெட்டியில் எனக்குப் பிடித்தது அதன் கொள்ளளவு அல்ல. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுக்கலாம். ஆட்களைக் குழுக்களாகப் பிரிக்கலாம். எந்தக் குழு எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம், எதில் எழுதலாம், எதன் பக்கமே வரக்கூடாது என்று கட்டம் கட்டமாக டிக் போடலாம். முதல் நாள் அந்தக் கட்டங்களைப் பார்த்ததும் என் கண் கலங்கியது. 'எங்கள் வீடு' என்று ஒரு குழு, 'மாமியார் வீடு' என்று ஒரு குழு. டிக் போட்டு முடிப்பதற்குள் தோசை ஆறிப்போனது.

என் மனைவி வேறொரு ஷூ கம்பெனியில் தோல் தரம் பார்க்கிறாள். மேசைமேல் தோலை விரித்து, விளக்கு வெளிச்சத்தில் விரலால் தடவி, ஆகாத இடத்தைச் சுற்றி வெள்ளிப் பேனாவால் வட்டம் போடுகிற வேலை. உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கீறல், நுகத்தடி உராய்ந்த தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு என்று ஒரு மாட்டின் முழு வாழ்க்கையையும் அவள் விரல் படித்துவிடும். ஆனால் எல்லாம் நின்றபடியே. வருஷக்கணக்காக நின்று, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும். வெந்நீரில் உப்பு போட்டுக் காலை வைத்துக்கொண்டுதான் என்னைத் திட்டவே ஆரம்பிப்பாள்.

அந்தக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு வகுப்பு எடுக்க ஆள் தேடினார்கள். திங்கட்கிழமை ஒரு வகுப்பு எடுத்துக் காட்டு, சரியாக வந்தால் பயிற்சி வேலை உனக்கே என்று இவளிடம் சொல்லியிருந்தார்கள். மேசை முன்னால் நிற்கிற வேலைக்கு அத்தோடு முழுக்கு. இதற்காகவே ஒரு வருஷமாகக் கையில் வந்த குறைகளை எல்லாம் போனில் படம் பிடித்துச் சேர்த்திருந்தாள். இனிமேல் போய் எடுக்க முடியாத படங்கள். அந்தத் தோல்கள் எப்போதோ வெட்டுப்பட்டு, தைக்கப்பட்டு, எந்த நாட்டுக்காரன் காலில் நடந்துகொண்டிருக்கின்றனவோ.

போன் நிரம்பிவிட்டது என்று ஒரு நாள் சொன்னாள். நான் இருக்கும்போது உனக்கு என்ன கவலை என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொல்லும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஏதாவது உடைகிறது. படங்களை எல்லாம் பெட்டிக்கு மாற்றிவிட்டு, போனில் இருந்ததை அழித்தேன். போனின் குப்பைத்தொட்டியில் கிடந்ததையும் சுத்தமாகத் துடைத்தேன். வேலை என்றால் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து, மறுநாள் வகுப்புக்குப் படங்களை வரிசைப்படுத்த உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

"இன்னாங்க, இது உள்ள உட மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். ஃபோல்டர் தெரிகிறது. பெயர் தெரிகிறது. அமுக்கினால், 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வருகிறது.

"பாஸ்வேர்டு தப்பா போட்டிருப்ப."

"எம் பேரும் நம்ம கல்யாண வருஷமும். தப்பா போடறதுக்கு நான் இன்னா, நீங்களா?"

என் பெயரில் நுழைந்தேன். எனக்கும் அனுமதி இல்லை. பெட்டியை வாங்கியவன் நான், கட்டம் கட்டியவன் நான், நிர்வாகி என்று அதன் தலைவாசலில் பெயர் எழுதப்பட்டவன் நான். எனக்கே அனுமதி இல்லையாம். எங்கள் தொழிற்சாலை முதலாளியை வாட்ச்மேன் வாசலில் நிறுத்திவைத்த மாதிரி இருந்தது.

பதறவில்லை. செட்டிங்ஸ் பக்கம் எனக்குத் திறந்தது. அதில் மனைவியின் பெயருக்கு எதிரே 'படிக்கலாம், எழுதலாம்' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். என் பெயருக்கு எதிரிலும் போட்டேன். அனுமதி இல்லை. பெட்டியை அணைத்து, மனதுக்குள் வேண்டிக்கொண்டு, மறுபடி போட்டேன். பச்சை விளக்கு எல்லாம் அழகாக எரிந்தது. அனுமதி இல்லை.

இந்த நேரத்தில்தான் மச்சான் உள்ளே வந்தான். மனைவியின் தம்பி. டிப்ளமா முடித்தவன், நல்ல பிள்ளை, ஸ்க்ரூடிரைவரோடு பிறந்தவன். விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"மாமா, நம்ம வூட்டு டி.வி.லயும் இதே பேஜார்தான்! போன வாரத்துலேர்ந்து படமே ஓடல. நான் சொன்னேனே, நீங்க பெட்டிக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னீங்களே. நோய் முத்திப்போச்சு பாருங்க."

அவன் டி.வி.க்கு வந்த நோய் என்ன என்று எனக்குத் தெரியும். அந்தக் கிருமி நான்தான்.

நடந்தது இது. மச்சான் சினிமாவாக இறக்கி இறக்கி பெட்டியை அடைத்துவிட்டான். போன வாரம் ஒரு நாள் 'இடம் இல்லை' என்று பெட்டி கத்தியது. பாதி சினிமாக்களைத் தூக்கி எறிந்துவிட்டு, அவன் இனிமேல் பெட்டியில் எதையும் தொட முடியாதபடி ஒரு தடை போட்டேன். நேரில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. மாமியார் வீட்டில் வாரத்துக்கு நாலு நாள் மத்தியானச் சாப்பாடு எனக்கு. அதனால் சத்தம் போடாமல் கட்டத்தில் டிக் மட்டும் போட்டேன். அந்தத் தடைக்கும் மனைவியின் படங்களுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமோ என்று ஒரு வினாடி தோன்றியது. மச்சானை நிறுத்தினால் மச்சான்தானே நிற்பான், இவள் எப்படி நிற்பாள் என்று அந்தச் சந்தேகத்தைத் துரத்திவிட்டேன். துரத்தாமல் பார்த்திருக்கலாம்தான். பார்க்க வேண்டும் என்றால் குழுக்களின் பக்கத்தைத் திறக்க வேண்டும். திறந்தால் சிவப்பு எழுத்தில் தடை தெரியும். மச்சானோ என் தோள்மேல் தாடையை வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கிறான்.

அன்றைக்கு முழுவதும், அந்த ஒரு பக்கத்தைத் தவிர உலகத்தில் இருக்கிற எல்லாப் பக்கத்தையும் நான் திறந்தேன்.

கேபிள் மாற்றினேன். மச்சான் அலமாரிக்குப் பின்னால் தலைகீழாகத் தொங்கி கேபிள் பிடித்தான். விண்டோஸ் ஞாபகம் வைத்திருந்த பாஸ்வேர்டை அழித்துவிட்டு மறுபடி கொடுத்தேன். பலமுறை கொடுத்ததில் பெட்டி என்னைத் திருடன் என்று முடிவு செய்து, லேப்டாப்பையே உள்ளே விடாமல் பூட்டிக்கொண்டது. அந்தப் பூட்டை எடுக்க மச்சானின் லேப்டாப் வேண்டியிருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தான். வரும்போது அவன் அம்மா கொடுத்த முறுக்கும் கொண்டுவந்தான். தடை போட்டவன் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

"மாமா, ஆள் ஆளுக்கு பர்மிஷன் பாத்தாச்சு. குரூப்னு ஒண்ணு இருக்குது பாருங்க, அத்த ஒருவாட்டி..."

"அதெல்லாம் சரியாத்தான் இருக்குது."

"சும்மா பாக்கலாமே."

"டேய், நீ போய் ரவுட்டர்ல எத்தினி லைட் எரியுதுன்னு பாரு."

பார்த்துவிட்டு வந்து சொன்னான். இன்னொரு முறை அனுப்பினேன். மறுபடியும் சொன்னான். விளக்கு எண்ணிக்கையில் மாற்றம் இல்லை.

ஒரு வீடியோவில், பழைய பகிர்வு முறையை விண்டோஸில் ஆன் செய்தால் எல்லாம் திறக்கும் என்று சொன்னார்கள். ஆன் செய்தேன். ரீஸ்டார்ட் கேட்டது. கொடுத்தேன். நீலத் திரை வந்து, அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள் என்றது. ஒரு சதவீதம். ரொம்ப நேரம் கழித்து இரண்டு சதவீதம். நாங்கள் மூவரும் அதன் முன்னால் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதுவரைக்கும் மனைவி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, கை விரல்களை மடக்கி மடக்கி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். முதல்ல உண்ணி, அப்புறம் கீறல், அப்புறம் லூஸ் கிரெயின் என்று வகுப்பைத் தனக்குத்தானே ஒத்திகை பார்க்கிறாள். படம் இல்லாமலே எடுக்க முடியுமா என்று பார்க்கிறாள் என்று புரிந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தாள்.

"நாளைக்கு மேனேஜரும் வந்து பின்னால உக்காருவாராம்," என்றாள், என்னைப் பார்க்காமல்.

"கவலைப்படாதே, நான்..."

"இருக்கீங்க. தெரியுது."

மூன்று மணிக்கு மேல், வேறு வழியில்லாமல் எங்கள் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பார்க்கிற பாய்க்குப் போன் போட்டேன். மேல்விஷாரத்தில் இருக்கிறார். லீவு நாளில் கூப்பிட்டால் வருத்தப்படாத ஒரே மனிதர். மனைவி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். அந்த நிமிஷமே என் கதை முடிந்தது என்று இப்போது தெரிகிறது.

"சொல்லு தோஸ்த், இன்னா ஆச்சு?"

சொன்னேன். ஆளுக்கு டிக் இருக்கிறது, அனுமதி இல்லை.

"அப்போ குரூப்லதான் இருக்குது. குரூப் பக்கம் திற."

"பாய், அது அப்புறம் பாக்கலாம். இந்த விண்டோஸ் அப்டேட்..."

"அப்டேட்ட உடு. குரூப் திற."

"ஏன் அப்புறம்?" என்றாள் மனைவி. மச்சானின் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அவளே குழுக்களின் பக்கத்தை அமுக்கினாள். நான் ஒன்றும் செய்யவில்லை. செய்ய என்ன இருக்கிறது? முறுக்கு டப்பாவை மூடி வைத்தேன்.

திரையில் 'மாமியார் வீடு' என்ற பெயரும், அதற்கு நேராகச் சிவப்பில் 'அனுமதி இல்லை' என்பதும் வந்து நின்றன.

"திறந்தாச்சா?" என்றது போன். "எதுலயாச்சும் அனுமதி இல்லைன்னு போட்டிருக்குதா?"

"போட்டிருக்குதுண்ணே," என்றாள் மனைவி. "எங்கம்மா வூட்டுக்கே போட்டிருக்குது."

"அந்தக் குரூப்ல யார் யார் இருக்காங்க? படிம்மா."

படித்தாள். "எங்கப்பா, எங்கம்மா, தம்பி." கொஞ்சம் நிறுத்தினாள். "நான். இவரு."

முதல் நாள் குழு பிரிக்கும்போது அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எங்கம்மா வீட்டுப் பட்டியலில் என் பேர் இல்லையா என்று கேட்டாள். சேர்த்தேன். மூத்த மாப்பிள்ளை இல்லாமல் அந்த வீடு எப்படி என்று என் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். இங்கே கல்யாணமான எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தனக்கு இரண்டு வீடு என்றுதான் சொல்வாள். நானும் அப்படியே பதிந்துவிட்டேன்.

போனில் பாய் சிரிப்பதை அடக்குவது கேட்டது. "தோஸ்த், ஒரு ஆளு பத்து குரூப்ல இருக்கலாம். ஒன்பதுல வான்னு சொல்லி, ஒண்ணுல வராதேன்னு போட்டா, அந்தப் பெட்டிக்கு வராதேதான் கணக்கு. உள்ள உடாது. நீ உம் பொண்டாட்டியையும் தடுத்து, உன்னையும் தடுத்துக்கினு, காலையிலேர்ந்து கதவத் தட்டினு இருக்கே."

மச்சான் சட்டையெல்லாம் அலமாரிக்குப் பின்னால் இருந்த ஒட்டடை.

"மாமா," என்றான். "என்னைத் தடுத்துட்டு, அந்தத் தடையைக் கண்டுபுடிக்க எங்கிட்டயே கேபிள் புடிக்கச் சொன்னீங்களா?"

"நீ படம் ஜாஸ்தி போட்டுட்ட."

"கம்மியா போடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா. அம்மா வேற, மாப்ளைக்குப் புடிக்கும்னு இப்பத்தான் முறுக்கு சுட்டாங்க."

பாய் இரண்டு வழி சொன்னார். ஒன்று, அந்தத் தடையை எடுப்பது. இன்னொன்று, மனைவியை மட்டும் அந்தக் குழுவில் இருந்து நீக்குவது. எனக்கு இரண்டாவது வழி சுலபமாகத் தெரிந்தது. மவுஸை நோக்கிக் கை நீட்டினேன்.

"தொட்டுப் பாருங்க," என்றாள்.

கையை எடுத்துக்கொண்டேன். அவளே தடையை நீக்கினாள். அப்புறம் என் பெயரைத் தேடி, மாமியார் வீட்டில் இருந்து அதை மட்டும் எடுத்துவிட்டாள். மச்சான் சிரித்தே விட்டான். எனக்கு உயிர் வந்தது.

ஃபோல்டர் திறந்தது. உண்ணி, கீறல், தழும்பு, கத்தி வெட்டு எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. மனைவி மூச்சு விட்டாள். நான் என் நெஞ்சை நிமிர்த்த ஆரம்பித்த நேரத்தில், படங்களின் வரிசை ஓர் இடத்தில் நின்றது. அதற்கு அப்புறம் வந்தவை எல்லாம் வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள். பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. அமுக்கினால் திறக்க முடியவில்லை என்று வந்தது.

பெட்டி 'இடம் இல்லை' என்று கத்திய அந்த நாள்தான் நான் படங்களை மாற்றிய நாள். கத்தலைக் கேட்டு மச்சானின் சினிமாக்களை அழித்தேன், தடை போட்டேன், பெரிய காரியம் செய்த திருப்தியில் மீதிப் படங்கள் ஏறினவா என்று பார்க்காமல் போனைத் துடைத்துவிட்டேன். மச்சான் தன் லேப்டாப்பில் ஏதேதோ செய்து பார்த்தான். பாயும் யோசித்தார். காலியான கோப்புக்குள் இருந்து யாராலும் எதையும் எடுக்க முடியாது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்கிற குரலில் போனை வைத்தார். அவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரியவில்லை. நான் செய்கிற காரியங்களுக்கு மற்றவர்கள்தான் அந்தக் குரலில் பேசுகிறார்கள்.

"எது போச்சு?" என்று கேட்டேன்.

"லூஸ் கிரெயின். அது மொத்தமும்."

அது என்ன என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தோலின் மேல்பரப்பு உள்ளே பிடிப்பில்லாமல் தளர்ந்திருப்பது. விரித்துப் போட்டால் தெரியாது, நன்றாகத்தான் பளபளக்கும். மடக்கினால்தான் சுருக்கம் விழுந்து காட்டிக்கொடுக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத குறை என்பதால், மடக்குவதற்கு முன்னால், மடக்கிய பின்னால் என்று ஒவ்வொன்றையும் பொறுமையாக எடுத்து வைத்திருந்தாள். வகுப்பின் பாதியே அதுதானாம்.

எப்போதும் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பித்துவிடுகிற ஆள் நான். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அவள் கணுக்காலைப் பார்த்தேன். லீவு நாளிலும் லேசாக வீங்கித்தான் இருந்தது.

அவள் எழுந்தாள். சமையலறைக்குப் போனாள், வெறும் கையோடு வந்தாள். தன் கைப்பையை எடுத்து மடக்கிப் பார்த்தாள். மச்சானின் பெல்ட்டைக் கழற்றச் சொல்லி அதையும் மடக்கிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம் வாசலுக்குப் போய், அங்கே இருந்த என் கறுப்பு ஷூவில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவள் கம்பெனியில் கழித்துப்போட்ட ஷூக்களை ஊழியர்களுக்குக் கொடுக்கும்போது, குவியலில் இருந்து நானே கிளறி எடுத்த ஜோடி அது. தோல் தொழிலில் இத்தனை வருஷம் இருக்கிறவன் கண்ணுக்கு எது தப்பும் என்று அன்றைக்குத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

விளக்குக்குக் கீழே அதைப் பிடித்து, முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கி மடக்கினாள். வழவழப்பாக இருந்த தோலில் பெரிய பெரிய சுருக்கங்கள் விழுந்தன. கையை எடுத்த பிறகும் அவை போகவில்லை. அவள் முகத்தில் காலையில் இருந்து முதல் முறையாக ஒரு வெளிச்சம் வந்தது.

"இத்த விட நல்ல லூஸ் கிரெயின் கிடைக்காது," என்றாள்.

"வாங்கற அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க இன்னா கேட்டீங்களா?"

மச்சான் ஷூவை வாங்கி, தானும் ஒருமுறை மடக்கிப் பார்த்து, ஆஹா என்றான். அதற்கப்புறம் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து, திறந்த படங்களை எல்லாம் பென் டிரைவில் ஒன்றும், போனில் ஒன்றும், மச்சான் லேப்டாப்பில் ஒன்றுமாக வைத்தார்கள். பெட்டிக்கு ஒன்று வேண்டாமா என்று கேட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை என் ஷூ இரண்டும் ஒரு துணிப்பையில் கம்பெனி பஸ் ஏறிப் போயின. நான் ரப்பர் செருப்போடு டெஸ்பாட்ச் வாசலில் நின்று கேட் பாஸில் கையெழுத்துப் போட்டேன். கால் புண்ணா என்று கேட்டவர்களுக்கு எல்லாம் ஆமாம் என்றேன். மத்தியானம் வரை போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. கேட்டு அனுப்பவும் பயமாக இருந்தது. எழுதி எழுதி அழித்தேன்.

சாயங்காலம் எனக்கு முன்னால் அவள் வீட்டில் இருந்தாள். காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், வெந்நீர் வாளி பக்கத்தில் இல்லை. துணிப்பை காலியாக மடிந்து கிடந்தது.

"ஷூ எங்க?"

"டிரெய்னிங் ரூம்ல. அடுத்த பேட்ச் புள்ளைங்க வருதாம், அதுக்கும் என்னையே எடுக்கச் சொல்லிட்டாங்க."

"அப்ப நாளைக்கு நான் இன்னாத்தப் போட்டுக்கினு போறது?"

கொஞ்சம் யோசித்தாள்.

"இடது காலை அறுத்து உள்பக்கம் காட்டிட்டேன். வலது கால் இருக்குது. எடுத்தாரட்டா?"